2.53க்கு ஒரு குரல்

அத்தியாயம் 7

“அம்மணி, திருமலைசாமி பேசறனுங்க.”

குரல் கரகரத்தது. பின்னால் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம்.

“கரண்டு லைன் இல்லாததுனால உள்ள ஒரே இருட்டா இருக்குது. டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு வேலை பாக்கறேன். மூணு மணிக்கு முடிச்சுப்போடுவேன். அதுவரைக்கும் லைனை உட்றாதீங்க. சரீங்களா?”

“சரிங்ணா,” என்றது ஒரு பெண் குரல்.

டக். அவ்வளவுதான்.

கணினித் திரையில் அந்தத் தொலைபேசிப் பதிவுக்கு எதிரே நேரம் தெளிவாக நின்றது. பிற்பகல் 2.53.

எலக்ட்ரீசியன் திருமலைசாமி மின்சாரம் தாக்கி இறந்தது 2.48க்கு.

மயிலாத்தாளின் முழங்கையில் மயிர் எழுந்து நின்றது. துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். பயப்படுவதில் அவளுக்கு வெட்கமில்லை. பயந்ததை ஒரு மில் முதலாளி பார்த்துவிடுவதுதான் ஆகாது.

“செத்து அஞ்சு நிமிஷம் கழிச்சும் டூட்டி பாத்திருக்காரு,” என்றார் பக்கத்தில் நின்ற சுப்பண்ணன். “எங்க டெப்போவுல உசுரோட இருக்கறவனையே ஷிப்ட் முடிஞ்சா புடிச்சு வெக்க முடியாது, அம்மணி.”



சோமனூர் சாலையில் இருக்கும் ஸ்ரீ ராமாமணி மில்லின் கன்ட்ரோல் ரூம் அது. கண்ணாடிக்கு அப்பால் இரண்டாவது ஷெட். எட்டு நாளாக ஓடாத நூற்பு இயந்திரங்கள், பாதி சுற்றிய நூலோடு அப்படியே நின்றன. யாரோ ஒரு வார்த்தை சொன்னதும் எல்லாரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிய வீடு மாதிரி இருந்தது. ஷெட்டின் கடைசியில், திருமலைசாமி இறந்து கிடந்த மின்பேனல் ரூமின் கதவு. அதில் கட்டிய எலுமிச்சம்பழங்கள் கறுத்துச் சுருங்கிவிட்டன. பட்டப்பகல், வெளியே வெயில் கொளுத்துகிறது. ஆனாலும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியவில்லை.

மயிலாத்தாளுக்கு வயது இருபத்தெட்டு. பெயருக்கு வயது எண்பது. காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ‘மயில் துப்பறியும் நிலையம்’ நடத்துகிறாள். அப்பா விசைத்தறி ஓட்டியவர். வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் இவள்தான். சுப்பண்ணன் அவளுடைய உதவியாளர். முப்பது வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் விசிலை மட்டும் சட்டைப் பையிலிருந்து எடுக்காதவர்.

“பூசாரியக் கூட்டியாந்து பாத்துட்டேன், பழம் கட்டிப் பாத்துட்டேன்,” என்றார் முதலாளி சீனிவாசலு. எழுபது வயது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம். “ஒரு எலக்ட்ரீசியன் அந்த ரூமுக்குள்ள போக மாட்டேங்கறான். புள்ளைங்க இந்த ஷெட்டுப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேங்குது. எவனோ வெளையாடறான். எவன்னு கண்டுபுடிச்சுக் குடுத்துருங்கம்மா, போதும்.”

“இந்தப் பதிவை அழிச்சிருந்தா பேச்சே கெளம்பியிருக்காதே?”

“மொத நாளே மதன் அதைத்தான் சொன்னான். நாந்தான் உடல. செத்தவரு குரலும்மா. பதினாறு முடியறதுக்குள்ள அழிச்சா அந்த ஆத்மா எங்க போயி நிக்கும்?”

மதன் என்றது கம்ப்யூட்டர் பிரிவின் பொறுப்பாளர் மதன்குமாரை. முப்பது வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பெருந்துறைப் பக்கம் ஒரு குக்கிராமம் என்றும், அவனும் அவன் வீட்டில் முதல் பட்டதாரி என்றும் வந்த ஐந்தாவது நிமிடமே சொல்லியிருந்தான். மயிலாத்தாளுக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது.

“மின்வாரிய மீட்டர்ல 2.48க்கு லோடு ஏறியிருக்குதுங்க. இந்தக் கன்ட்ரோல் ரூம் பதிவேட்டுலயும் 2.48க்குத்தான் லைன் உட்டதா இருக்குது,” என்றான் மதன்குமார். “ரெண்டும் ஒத்துப்போகுது. இந்தப் போன் பதிவு மட்டுந்தான் ஒட்டாம நிக்குது. எப்படின்னு எனக்கும் புரியலைங்க.”

“லைனை உட்ட பொண்ணு எங்க?”

மதன்குமார் தலையைக் குனிந்தான். “ஸ்டோர் ரூம்ல இருக்குதுங்க. பாவம். மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் வாராரு.”

சுப்பண்ணன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மணி ஒண்ணு ஐம்பத்தஞ்சு.”

அந்தக் கடிகாரம் மட்டும்தான் அவர்கள் கையில் மிஞ்சியிருந்தது. கேட்டில் நுழையும்போதே இருவருடைய போனையும் வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மில்லின் சட்டமாம். மயிலாத்தாள் வாட்ச்மேனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, சுப்பண்ணன், வருகை பதியும் டைம் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த பெரிய கடிகாரத்தையும் தன் கையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏனுங்க, இது எந்த நாட்டு நேரம்? பதிமூணு நிமிஷம் முன்னாடி ஓடுது?”

“அது முதலாளி நேரமுங்க,” என்றார் வாட்ச்மேன். “நல்ல நேரம் கை தவறிப் போயிரக்கூடாதுன்னு முப்பது வருசமா அப்படித்தான் வெச்சிருக்குது. இந்த டைம் ஆபீஸ் உள்ள இருக்கற கம்ப்யூட்டரும் அதே நேரந்தான். அதுதான் சைரன் ஊதும். ஏழு மணி ஷிப்டுக்கு ஆறு நாப்பத்தேழுக்கே சைரன். போறப்பவும் அதே கணக்கு. பழகிப்போச்சுங்க.”

“எங்க பஸ் ஸ்டாண்டுல இப்படி ஒரு கடிகாரம் இருந்திருந்தா தெனமும் ரெண்டு தனியார் பஸ்காரன் மண்டைய ஒடைச்சுட்டு ஆஸ்பத்திரியில கெடப்பான்,” என்றார் சுப்பண்ணன்.

அதை அப்போது மயிலாத்தாள் சரியாகக் காதில் வாங்கவில்லை. கோபத்தில் இருந்தாள்.

*

ஸ்டோர் ரூமில் நூல் கோன் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மோகனப்பிரியா உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது. எலக்ட்ரிகல் டிப்ளமோ, அவள் வீட்டில் படித்த முதல் ஆள். மடியில் தட்டச்சு செய்த ஒரு காகிதம், அதன்மேல் மூடி திறக்காத பேனா.

மயிலாத்தாள் காகிதத்தை எடுத்துப் படித்தாள். ‘மூன்று மணி வரை காத்திருக்க வேண்டிய நான், என் கவனக்குறைவால் பன்னிரண்டு நிமிடம் முன்னதாகவே மின்சாரத்தைக் கொடுத்துவிட்டேன்...’

“இதை யாரு அடிச்சுக் குடுத்தது?”

“மதன் சாருங்க. கையெழுத்துப் போட்டா கேஸ் சின்னதா முடிஞ்சுருமாம். போடலீன்னா பெருசாயிருமாம்.”

“நீ போடப் போறியா?”

“தெரியலீங்கக்கா.” அந்தப் பெண்ணின் கண்கள் எங்கேயும் நிலைக்கவில்லை. “நான் லைனை உட்டது மூணு ஒண்ணுக்கு. சாமி சத்தியமாச் சொல்றேன். சைரன் ஊதுச்சு. ஸ்கிரீன்ல மூணு. அதுக்கும் மேல ஒரு நிமிஷம் பொறுத்துத்தான் உட்டேன். ஆனா இப்பப் பாத்தா 2.48னு இருக்குது. எல்லாரும் அதையே காட்டறாங்க. என்ற கண்ணே என்னை ஏமாத்திருச்சா? சோத்துல கை வெச்சா அவரு கேக்கறாரு, ‘சரீங்களா’ன்னு. நானும் ‘சரிங்ணா’ங்கறேன். அம்மா யாருகிட்ட பேசறேன்னு கேக்குது.”

“உன்கிட்ட வாட்ச் இல்லியா?”

“பொம்பளப் புள்ளைங்க கட்டக்கூடாதுங்க. மெஷின்ல மாட்டிக்குமாம். போனும் கேட்லயே வாங்கிக்குவாங்க. திருமலைசாமியண்ணன் மட்டும் கட்டியிருப்பாரு. சாவி குடுக்கற வாட்ச். ரொம்பக் கரெக்டா இருக்கும்னு பெருமையாச் சொல்லுவாரு.”

மயிலாத்தாளுக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மணி நேரம் வேலை வாங்குவார்கள். மணி என்ன என்று பார்த்துக்கொள்ள மட்டும் விடமாட்டார்கள். மயிலாத்தாளின் அப்பாவும் சோமனூரில் அப்படித்தான் இருந்தார். தறி நின்றால்தான் பொழுது சாய்ந்தது தெரியும்.

சுப்பண்ணன் ஒரு அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். “ஏங்கண்ணு, சைரன் ஊதறப்ப ஸ்கிரீன்ல மூணுன்னா சொன்னே? இந்த ஊரு சைரன் 2.47க்கே ஊதிருமேம்மா?”

“முன்ன அப்படித்தானுங்க இருந்துச்சு. நான் சேர்ந்த புதுசுல சைரன் ஊதறப்ப ஸ்கிரீன்ல 2.47 காட்டும். ஆயுதபூசைக்கு அப்பறந்தான் ரெண்டும் ஒண்ணாப்போச்சு. பரவால்லியே, சைரனைச் சரிபண்ணிட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

 அட்டைப் பெட்டிக்குள் எங்கோ ஒரு பூச்சி சுரண்டியது.

“சுப்பண்ணா,” என்றாள் மயிலாத்தாள் மெதுவாக. “சைரனை யாரும் சரிபண்ணல. கேட்ல அந்தக் கடிகாரம் இன்னும் பதிமூணு நிமிஷம் முன்னாடிதான் ஓடுது.”

“அப்ப சரியா இருந்தது கெட்டுப்போயிருக்குது,” என்றார் அவர். முதல் தடவையாக முகத்தில் கிண்டல் இல்லை.

மயிலாத்தாள் பேனாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். “நான் திரும்பி வார வரைக்கும் நீ எதுலயும் கையெழுத்துப் போடாதே.”

*

கம்ப்யூட்டர் அறை குளிர்ந்து கிடந்தது. ஒரு இரும்பு அலமாரியில் தட்டுத் தட்டாகப் பெட்டிகள், விளக்குகள் சிமிட்டின. ஆயுதபூஜையின் மிச்சம் இன்னும் போகவில்லை. காய்ந்த செவ்வந்திச் சரம் ஒன்று குறுக்கே தொங்கியது. ஒவ்வொரு பெட்டியின் ஸ்விட்ச்மேலும் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

“இந்த மில்லுல இருக்கற கம்ப்யூட்டருக்கெல்லாம் மணி யாரு சொல்றா?” என்று கேட்டாள் மயிலாத்தாள்.

மதன்குமார் உற்சாகமாகிவிட்டான். தன் வேலையைப் பற்றி யாரும் கேட்காத ஆள். “மொட்டை மாடியில ஒரு ஆன்டெனா இருக்குதுங்க. அது செயற்கைக்கோள்ல இருந்து நேரத்தை எடுத்து, இதா, மேல் தட்டுல இருக்கற இந்தப் பெட்டிக்குக் குடுக்கும். பெட்டி எல்லாத்துக்கும் சொல்லும். கம்ப்யூட்டரோட சொந்தக் கடிகாரம் லேசா முன்னப்பின்ன ஓடுமுங்க. பெட்டி அப்பப்ப அதை இழுத்துச் சரியாக்கும்.”

“பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் மாதிரி,” என்றார் சுப்பண்ணன். “அவரு லீவு போட்டா?”

“அதுக்கு மாற்று ஒண்ணு வெச்சிருப்போமுங்க. இப்ப இன்டர்நெட்டுல இருந்து எடுக்குது.”

“இப்ப,” என்றாள் மயிலாத்தாள். “பெட்டி ஏன் அணைஞ்சு கிடக்கு?”

ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடியில் அவன் அலமாரியைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தான்.

“சாவு நடந்த அன்னைக்குச் சாயந்திரம் நாந்தான் நிறுத்தினேங்க. விசாரணை முடியற வரைக்கும் எதையும் யாரும் தொடக்கூடாதுன்னு. அதுவரைக்கும் நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு.”

சுப்பண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினார். பெட்டியின் ஸ்விட்சுக்கு மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார். பிறகு கீழே மற்ற பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“அம்மணி, பூசைக்கு பஸ்ஸு சாவித் துவாரத்துல சந்தனத்தை அப்பி வெப்போம். அடுத்த நாள் சாவி போட்டமுன்னா அது பொலபொலன்னு உதிர்ந்துரும். கீழ இருக்கற பெட்டியெல்லாம் அப்படித்தான் உதிர்ந்து கெடக்குது. இந்த ஒண்ணுதான்...” அவர் விரலை நீட்டினார், தொடவில்லை. “ஸ்விட்சுக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்கற இடுக்கு மேலயே சந்தனம் காஞ்சு கெடக்குது. ஒரு விரிசல் இல்ல. குங்குமம் கூட வெச்ச மேனிக்கு இருக்குது. பூசைக்கு நிறுத்துனவரு, அப்பறம் இதைத் தொடவே இல்லீங்க. ஆன் பண்ணாத பெட்டிய ஆப் பண்ண முடியுங்களா தம்பி?”

அறைக்குள் குளிர் கூடியது போலிருந்தது. மதன்குமார் சிரிக்க முயன்றான். உதடு மட்டும் அசைந்தது.

“ஓரத்துல ஒரு சீட்டும் ஒட்டியிருக்குது,” என்று ஸ்டூலில் நின்றபடியே சுப்பண்ணன் படித்தார். “‘பெட்டி நின்றால் மாற்று நேரம்: டைம் ஆபீஸ் கம்ப்யூட்டர்.’ போன வருசத் தேதி. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குது, ஆனா புரியுது.”

மயிலாத்தாள் அவனைப் பார்க்காமலே சொன்னாள். “கன்ட்ரோல் ரூமுக்கு மோகனப்பிரியா காலையில வந்து கம்ப்யூட்டர்ல நுழைஞ்ச நேரம் பதிவேட்டுல இருக்குமில்ல? போன மாசத்துல இருந்து எல்லாத்தையும் அச்செடுங்க. முதலாளியையும் வரச்சொல்லுங்க. அந்தப் பொண்ணையும்.”

*

சுப்பண்ணனின் கையில் மணி 2.25.

கன்ட்ரோல் ரூம் மேசையில் அச்செடுத்த தாளும், பக்கத்தில் மோகனப்பிரியா கையெழுத்துப் போடாத காகிதமும் கிடந்தன. சீனிவாசலு நாற்காலியில். மோகனப்பிரியா கதவோரம், பேனல் ரூம் பக்கம் பார்க்காமல் நின்றாள். மதன்குமார் சுவரில் சாய்ந்திருந்தான்.

“ஐயா, இந்தப் பொண்ணு தெனமும் ஏழு மணி சைரனுக்குக் கம்ப்யூட்டர்ல நுழையுது,” என்றாள் மயிலாத்தாள். “பூசைக்கு முன்னாடி எல்லா நாளும் பாருங்க. 6.47. உங்க சைரன் பதிமூணு நிமிஷம் முன்னாடி ஊதறதுனால, சரியான கடிகாரத்துல அது 6.47. சரிங்களா?”

அந்தக் கடைசி வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் மோகனப்பிரியா நடுங்கினாள். மயிலாத்தாள் நாக்கைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

“பூசை முடிஞ்ச அடுத்த நாள் 7.00. அதுக்கடுத்த நாள் 7.00. அஞ்சு நாளும் அப்படியே. ஏன்னா பூசைக்கு நிறுத்துன கடிகாரப் பெட்டிய யாரும் திரும்பப் போடல. பெட்டி வாயைத் திறக்கலைன்னதும் கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர் மாற்றுக்கிட்ட போயி மணி கேட்டிருக்கு. மாற்று யாரு? உங்க டைம் ஆபீஸ் கம்ப்யூட்டர். முதலாளி நேரம்.”

 சீனிவாசலுவின் விரல் நுனி நாமத்தைத் தொட்டது.

“ஆறாவது நாள். திருமலைசாமி செத்த நாள்.” அவள் தாளின்மேல் விரலை ஊன்றினாள். “திடீர்னு 6.47. பெட்டி இன்னும் அணைஞ்சுதான் கிடக்கு. ஆனா செத்த நாள் மட்டும் கம்ப்யூட்டருக்குத் தானாப் புத்தி வந்திருக்கு. எப்படிங்க மதன்?”

மதன்குமார் தாளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

“அந்த ஒரு நாளோட பதிவேட்டை மட்டும் பதிமூணு நிமிஷம் கீழ தள்ளிட்டீங்க. 3.01னு இருந்ததை 2.48னு ஆக்கினீங்க. மின்வாரிய மீட்டரோட கச்சிதமாப் பொருந்துச்சு. தப்பு முழுக்க இந்தப் பொண்ணு தலையில. ஆனா அவசரத்துல ஒண்ணை விட்டுட்டீங்க. போன் பதிவு தனிப் பெட்டி. அன்னைக்கு அது கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரைப் பாத்துத்தான் நேரம் எழுதுச்சு. 2.53னு எழுதினது, நெசத்துல 2.40. திருமலைசாமி உயிரோட இருந்து பேசின நேரம். அதையும் திருத்தலாம்னு நீங்க போறதுக்குள்ள நாலு சூப்பர்வைசர் கேட்டுட்டாங்க. சோமனூர் வரைக்கும் பேய்னு பரவிடுச்சு. அழிக்கலாம்னீங்க. ஐயா விடலை.”

“அவரு பயந்ததுல ஒரு புண்ணியம்,” என்று முணுமுணுத்தார் சுப்பண்ணன்.

மதன்குமார் சுவரிலேயே சறுக்கி உட்கார்ந்துவிட்டான்.

“அப்போதைக்குன்னுதானுங்க டைம் ஆபீஸைப் போட்டேன்.” குரல் உடைந்தது. “இன்டர்நெட் இழுக்க அனுமதி கேட்டு உட்டிருந்தேன். வாரதுக்குள்ள வேற வேலை வந்துருச்சு. பெட்டி நிக்கவே நிக்காதுன்னு நெனச்சேன். பூசைக்கு நானே நிறுத்திச் சந்தனம் வெச்சு, அடுத்த நாள் மாலைக்குப் பின்னாடி அது கண்ணுல படாமயே போச்சு. அவரு செத்தப்பறம்தான் பாத்தேன். அப்ப ஆன் பண்ணியிருந்தா எப்ப ஆன் ஆச்சுன்னு பெட்டி எழுதி வெச்சுக்கும். அதனால பெட்டியத் தொடாம, மாற்றை மட்டும் இன்டர்நெட்டுக்கு மாத்திப்போட்டேன்.”

“ரெண்டு கடிகாரம் மட்டும் இருந்தா எவன் பொய் சொல்றான்னு தெரியாது தம்பி,” என்றார் சுப்பண்ணன். கோபமாக அல்ல, அலுப்பாக. “எங்க டைம் கீப்பர் மூணு வெச்சிருப்பாரு. ரெண்டு ஒண்ணாச் சொன்னா, தனியா நிக்கறவனைக் கழட்டி வெச்சுருவாரு. பஸ்ஸு ஒரு நிமிஷம் முன்ன போறதுக்கே அத்தனை.”

மதன்குமார் மயிலாத்தாளை நிமிர்ந்து பார்த்தான். “நீங்களும் என்னை மாதிரிதானுங்க. ஊட்டுல மொத ஆளு. இந்த வேலை போச்சுன்னா எனக்கு...”

“அந்தப் பொண்ணும் அவ ஊட்டுல மொத ஆளுதான்.”

மயிலாத்தாள் அவனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிடித்துப்போன ஆள் என்பதால்தான் கூடுதலாக வலித்தது. முதல் படியில் ஏறியவன் அடுத்து ஏறுகிறவளின் தலையில் கால் வைக்கிறான். இதைவிட எந்தப் பேயும் மேல்.

மோகனப்பிரியாவின் குரல் கதவோரத்திலிருந்து வந்தது. “அப்ப நான் பாத்தது மூணு ஒண்ணுதானுங்களா?”

“உன் திரையில மூணு ஒண்ணுதான். நீ பொய் சொல்லல.”

“அவரு வாட்சுல?”

மயிலாத்தாள் சற்றுத் தயங்கினாள். “2.48.”

“சைரன் ஊதினது அவருக்கும் கேட்டிருக்குமே?”

இதற்குப் பதில் சொன்னது சீனிவாசலு.  “கேட்டிருக்கும்மா. இருபத்திரண்டு வருசம் இந்த மில்லுல இருந்தவரு. எங்க சைரன் ஊதுச்சுன்னா இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்குதுன்னு அவருக்குத் தெரியும். கன்ட்ரோல் ரூம் சரியான நேரத்துலதான் ஓடும்னும் தெரியும்.” அவர் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். “டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, நெதானமாத்தான் வேலை பாத்திருப்பாரு.”

 பேனல் ரூம் கதவு எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

“பேயை எவன் செஞ்சான்னு கேட்டீங்க,” என்றாள் மயிலாத்தாள். முதலாளி என்று பார்க்கவில்லை, வயது என்றும் பார்க்கவில்லை. “பாதி மதன் செஞ்சது. மீதிப் பாதி கேட்ல சுவத்துல மாட்டியிருக்கு. நல்ல நேரம் தவறக்கூடாதுன்னு நீங்க தள்ளிவெச்ச பதிமூணு நிமிஷத்துலதான் அந்த மனுசன் செத்தாரு. இன்ஸ்பெக்டர்கிட்ட ரெண்டையும் நீங்களே சொல்லணும். இல்லைன்னா நான் சொல்லுவேன், பத்திரிகைக்காரங்களையும் வெச்சுக்கிட்டு.”

 கிழவர் மேசையிலிருந்த தட்டச்சுக் காகிதத்தை, கையெழுத்துப் போடாத அந்தக் காகிதத்தை, எடுத்து நான்காகக் கிழித்தார். எழுந்து கேட் பக்கமாக நடந்தார்.

*

2.47க்கு சைரன் ஊதவில்லை.

முப்பது வருஷத்தில் முதல் தடவை. ஓடிக்கொண்டிருந்த முதல் ஷெட்டில் பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தது மறுபக்கத்துக் கண்ணாடி வழியே தெரிந்தது. டிபன் பாக்ஸை எடுத்தவர்கள் திரும்பக் கீழே வைத்தார்கள். ஏதோ நடக்க வேண்டியது நடக்காமல் நின்றுவிட்டதை எல்லாரும் உணர்ந்தார்கள். என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

“திருத்திப்போட்டாரு,” என்றார் சுப்பண்ணன், தன் கடிகாரத்திலிருந்து கண்ணெடுக்காமல். “இனி மூணு மணிக்குத்தான் ஊதும். அட, பதிமூணு நிமிஷம் எத்தனை நீளமா இருக்குது பாத்தீங்களா அம்மணி. இதுல ஒரு பஸ்ஸு காந்திபுரத்துல இருந்து பீளமேடே போயிரும்.”

மயிலாத்தாள் திரும்பினாள். கதவோரம் வெறுமையாக இருந்தது.

“அந்தப் பொண்ணு எங்க?”

மதன்குமார் தரையிலிருந்து தலையைத் தூக்கினான். அவனுக்கும் தெரியவில்லை. கேட்டில் ஒரு ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் மேசைமேல் இருந்த உள் தொலைபேசி அடித்தது.

எந்த அறையிலிருந்து அழைப்பு வருகிறது என்பதைக் காட்டும் சிறிய விளக்கு எரிந்தது. பேனல் ரூம்.

சுப்பண்ணனின் கை தன்னையறியாமல் சட்டைப் பையிலிருந்த விசிலைப் பிடித்தது. எட்டு நாளாக ஒருத்தரும் கால் வைக்காத அறை. மயிலாத்தாளின் முழங்கை மறுபடி சிலிர்த்தது. இந்த முறை அவள் மூடிக்கொள்ளவில்லை. ரிசீவரை எடுத்தாள்.

பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம்.

“அக்கா, மோகனப்பிரியா பேசறனுங்க.” குரல் மெல்லியதாக, ஆனால் நடுங்காமல் இருந்தது. “உள்ள ஒரே இருட்டா இருக்குது. அண்ணன் டார்ச்சு இன்னும் கீழயே கெடக்குது. சைரன் ஊதற வரைக்கும் நான் இங்க நின்னுட்டு வாரேன். அதுவரைக்கும் லைனை உட வேண்டாம்னு எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போடுங்க. சரீங்களா?”



“சரி கண்ணு,” என்றாள் மயிலாத்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் அந்தக் கதவு பாதி திறந்திருந்தது. திரையில், பழைய பதிவுக்குக் கீழே புதிதாக ஒரு வரி தானாக வந்து விழுந்தது. பிற்பகல் 2.53. சுப்பண்ணன் எட்டிப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன.

சைரனுக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.